வாசகர் வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கலையொட்டி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி நடந்தது. உலகப் புத்தக நாளன்று கிளை நூலகத்துக்கு நூல்கள் வழங்கப்பட்டன. மழையால் தள்ளிப்போன கவியரங்கம் மார்கழியில் நடந்தேறியது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிறித்தவ அறநெறி எழுத்தில் குதிரையும் குதிரைப் பந்தயமும் என்ற தொடர் வாசிப்பு. தலைப்பை முன்மொழிந்தவன் நான். ‘நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்’ என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் விளக்கம் சொல்வது என் கடமை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பந்தயம் பெரிதும் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்தக் கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலப் பாதிரியார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான டெர்பியின் பேரில் நடந்த லாட்டரியில் பணம் கட்டிய பள்ளி மாணவன் ஒருவனுக்கு அவர் எழுதிய கடிதத்தைத்தான் முதல் அமர்வில் எடுத்துக்கொண்டோம்.

அவர் வாதம் இது. உன் குதிரை ஜெயிக்கும் என்கிறாய், அவன் தன்னுடையது ஜெயிக்கும் என்கிறான். அப்படியானால் அவனைவிட உனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று நம்பித்தான் பணம் வைக்கிறாய். அவனுடைய அறியாமையைக் கொண்டு அவன் பையிலிருப்பதை உன் பைக்கு மாற்றப் பார்க்கிறாய். அதாவது, திறமை இருப்பதால் குற்றம் குறைவதில்லை, கூடுகிறது. ‘அவனும் என்னிடம் ஜெயிக்கத்தானே பார்க்கிறான்’ என்ற பதிலையும் அவர் விடவில்லை. என்னைக் கொல்ல அவனுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் அவனைக் கொல்ல எனக்கு உரிமை வந்துவிடுமா என்று திருப்பிக் கேட்கிறார். இவர் குதிரையை வெறுத்தவர் அல்லர். சவாரியிலும் வேட்டையிலும் பிரியம் உள்ளவர். அவர் கண்டித்தது பணயத்தை.

எல்லாரும் இப்படி எழுதவில்லை. அக்காலத்துத் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றில் குதிரையே கண்ணில் படாது. முதலாளியின் கல்லாவில் கை வைக்கும் குமாஸ்தா, கடன், குடி, சிறை என்று ஒரே தடத்தில் போகும். பந்தயக் கடனில் மூழ்கி, கூட்டாளிக்கு நஞ்சு வைத்த குற்றத்துக்காக 1856இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பாமர் என்ற மருத்துவர் போதகர்களுக்கு ஆயத்தமான எடுத்துக்காட்டு ஆனார். உண்மைதான், ஆனால் இந்தப் பிரசுரங்களைப் படித்து எந்த வண்டிக்காரரும் தன் குதிரையின் தலையை இறுக்கிப் பிடிக்கும் வாரைத் தளர்த்தியிருக்க மாட்டார்.

தளர்த்த வைத்தவர் ஆனா சியுவல். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் 1820இல் பிறந்தவர். பதினான்கு வயதில் கால் அடிபட்டதிலிருந்து குதிரை வண்டியை நம்பியே நடமாடியவர். அவருடைய ஒரே நாவலான ‘பிளாக் பியூட்டி’ 1877இல் வந்தது. மறு ஆண்டே காலமானார். நம் தொடரில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட நூல் இதுதான்.

கனவான்களின் வண்டிக் குதிரைகளுக்குத் தலையைத் தூக்கிப் பிடிக்கும் வார் ஒன்று பூட்டுவார்கள். ஓட்டுபவர் கையிலிருக்கும் கடிவாள வார் வேறு, இது வேறு. வாயிலுள்ள இரும்பிலிருந்து கிளம்பி, முதுகுச் சேணத்துக் கொக்கியில் மாட்டி நிற்கும். மாட்டிய பின் நீளம் மாறாது. மேடு ஏறும்போது குதிரை தலையைத் தாழ்த்தி, உடல் எடையை முன்னே தள்ளித்தான் பாரம் இழுக்க வேண்டும். வார் தலையை விடாததால் முழு இழுப்பும் முதுகிலும் பின்னங்கால்களிலும் விழும். கழுத்து வளைந்து மூச்சுக்குழல் நெருக்குண்ணும், வாயில் நுரை தள்ளும். பார்ப்பவர்கள் அதைக் குதிரையின் மிடுக்கு என்பார்கள். சியுவலின் கதையில் சீமாட்டியின் உத்தரவுப்படி அந்த வார் ஒவ்வொரு துளையாக இறுக்கப்படுகிறது. கொடுமை கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எந்த வார், எந்தக் கொக்கி என்று காட்டியதால்தான் லாயக்காரர்களும் அந்த நூலை மதித்தார்கள் என்பது என் துணிபு.

பந்தயமும் அதில் உண்டு. கால் சற்றுப் பிசகியிருக்கிறது, வேண்டாம் என்று லாயக்காரர் தடுத்தும், ஒரு சீமான் மகன் தடை தாண்டும் பந்தயத்தில் ஜிஞ்சர் என்ற பெண் குதிரையை ஓட்டுகிறான். முதல் மூன்றுக்குள் வருகிறது. ஆனால் அவன் எடை அதற்கு அதிகம்; மூச்சு கெட்டது, முதுகு போனது. அங்கிருந்து படிப்படியாக இறங்கி வாடகை வண்டியில் சாகிறது. வாடகை வண்டியின் கணக்கும் நூலிலேயே இருக்கிறது: ஒரு வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் ஓட்டுபவர் உரிமையாளருக்குக் கட்ட வேண்டியது நாளொன்றுக்கு 18 ஷில்லிங். குதிரைக்கு 9 ஷில்லிங் தேறிய பிறகுதான் ஓட்டுபவருக்கு முதல் காசு. சாட்டை ஏன் ஓங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

திருச்சபைக்குள்ளும் சிக்கல் இருந்தது. ஜான் கிங் என்ற லிங்கன்ஷயர் பாதிரியார் ‘திரு. லாண்ட்’ என்ற புனைபெயரில் தம் குதிரைகளைப் பந்தயங்களில் ஓடவிட்டு வந்தார். 1874இல் அவருடைய ‘அப்பாலஜி’ என்ற பெண் குதிரை ஓக்ஸ், செயின்ட் லெஜர் என்ற இரு பெரும் பந்தயங்களையும் வென்றதும் விஷயம் பெரிதாகி, ஆயர் கண்டித்தார். இருபது ஆண்டு கழித்து, பிரதமராக இருந்த ரோஸ்பரி பிரபுவின் குதிரை டெர்பியை வென்றபோது அரசுத் திருச்சபையில் சேராத சுயேச்சைத் திருச்சபையினர் கொதித்தார்கள். அதே 1890களில் சில பொது நூலகங்களில் நாளிதழின் பந்தயப் பகுதியைக் கருப்பாக்கி மறைத்தே மேசையில் வைத்தார்கள். நூலகத்தை நம்பி நடக்கும் நம் வட்டம் இதைத் தனியே விவாதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான அமர்வு போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது.

வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். தலைப்பைக் கைதட்டி ஏற்றவர்களில் பலர் இரண்டாம் அமர்வுக்குப் பின் வரவில்லை. வர இயலாது என்று ஒரு வரி தகவலும் இல்லை. நகலெடுத்துக் கொடுத்த பக்கங்களை நாற்காலியிலேயே விட்டுச் சென்றார்கள். ஆண்டுச் சந்தா நினைவூட்டலுக்குப் பிறகும் கணிசமானோரிடம் நிலுவையில் உள்ளது. சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு நிலுவை.

வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. சந்தாவும் நன்கொடையும் சேர்த்து செலவை ஓரளவு ஈடுகட்டின, பற்றாக்குறை சமாளிக்கக்கூடிய அளவே. நகல் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், ஒலிபெருக்கி உதவியவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இதே தொடரின் அடுத்த பகுதியாக, இங்கிலாந்தில் 1890இல் தொடங்கிய தேசிய சூதாட்ட எதிர்ப்புக் கழகத்தின் வழக்குகளைப் படிக்கத் திட்டம். பந்தயத் திடலின் வேலியடைத்த பகுதி, சட்டம் தடை செய்த பணயம் நடத்தும் ‘இடம்’ ஆகுமா என்ற கேள்வி, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், ஆகாது என்று 1899இல் முடிந்தது. பக்கங்கள் தயாராக உள்ளன. நகலெடுக்கத்தான் பணம் இல்லை. வேறொருவர் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் கோப்புகளை முழுமையாக ஒப்படைப்பேன். இல்லையெனில் தொடர்ந்து செய்யச் சித்தமாக இருக்கிறேன். எதுவானாலும், சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறும், இரவல் நூல்களைத் திருப்பித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்