ஐந்து வருடமாவது ஒரே ஊரில் இருங்கள்: யுஎஃப்எல் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வசந்த காலத்தில் அமெரிக்கக் கால்பந்து நடத்தும் யுஎஃப்எல் லீக்கின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

2025 ஜூன் மாதம் உங்கள் லீக்கின் இறுதிப் போட்டியில் மிச்சிகன் பாந்தர்ஸ், டிசி டிஃபெண்டர்ஸிடம் 34-58 என்று தோற்றது. இறுதி வரை வந்து தோற்ற அணியின் ரசிகன் என்ன சொல்வான்? ‘சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பான். மிச்சிகனுக்கு அடுத்த வருஷமே கிடையாது என்று அக்டோபரில் சொல்லிவிட்டீர்கள். மெம்ஃபிஸுக்கும் சான் அன்டோனியோவுக்கும் அதே கதி. எட்டு ஊர்களில் மூன்று போய், கொலம்பஸ், லூயிவில், ஒர்லாண்டோ வந்தன.

உங்கள் கணக்கு புரியாமல் இல்லை. பிரம்மாண்டமான மைதானத்தில் சிறு கூட்டம் உட்கார்ந்திருந்தால் டிவியில் காலி இருக்கைதான் தெரியும். அதனால் சின்ன சாக்கர் மைதானங்களைத் தேடிப் போகிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் சான் அன்டோனியோவின் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

1984இல், உங்களுக்கு முந்தைய ஒரு வசந்த கால லீக்கில், அங்கே கன்ஸ்லிங்கர்ஸ் அணி வந்தது. இரண்டு சீசன் ஆடியது. வீரர்களுக்குச் சம்பளம்கூட ஒழுங்காக வரவில்லை. 1991இல் ரைடர்ஸ், அதுவும் இரண்டே சீசன். 2019இல் வேறொரு வசந்த கால லீக்கில் கமாண்டர்ஸ். அந்த லீக்கிலேயே அதிகக் கூட்டம் திரண்டது அந்த ஊரின் அலமோடோம் மைதானத்தில்தான். பத்து வாரச் சீசன் எட்டு வாரம் முடிந்த நிலையில், லீக்கே இழுத்து மூடப்பட்டது. 2023இல் பிரம்மாஸ். மறு வருடமே இறுதிப் போட்டி வரை போனது, 2025உடன் முடிந்தது. நாற்பது வருடத்தில் நான்கு வசந்த கால அணிகள். 1984இல் பத்து வயதுப் பையனாக கன்ஸ்லிங்கர்ஸைப் பார்க்கப் போனவருக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அவர் வீட்டு அலமாரியில் நான்கு அணிகளின் சட்டைகள் இருக்கலாம்; போட்டுக்கொண்டு போவதற்கு ஒரு ஆட்டம் இல்லை. ‘இந்த ஊரில் கூட்டம் வரவில்லை’ என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு ஊரில் அணி தொடங்கினால், குறைந்தது ஐந்து வருடம் அங்கேயே இருப்போம் என்று எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் ஆட்டம் பிடிக்காமல் இதை எழுதவில்லை. பெரிய லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டி, அதாவது சூப்பர் பௌல், முடிந்தால் செப்டம்பர் வரை வெறும் பேச்சுதான். அந்த இடைவெளியில் நீங்கள் வந்து, பெரிய லீக் கண்டுகொள்ளாத ஆட்களை ஆடவிடுகிறீர்கள். செங்கல் விற்பனை வேலை பார்த்த ஜேக் பேட்ஸ் 2024 மார்ச்சில் 64 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) அடித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். அந்த வருடமே என்எஃப்எல்லின் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குப் பந்தை உதைக்கும் கிக்கர் ஆனார். (அவர் அதை அடித்தது மிச்சிகனுக்காக. அந்த அணிதான் இப்போது இல்லை.) ரீப்ளே பார்க்கும் நடுவர் என்ன பேசுகிறார் என்பதை நேரலையில் கேட்க வைத்தது வசந்த கால லீக்குகள்தான். அங்கே பிறந்த கிக்-ஆஃப் (பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்) முறையைக் கொஞ்சம் மாற்றி 2024இல் என்எஃப்எல்லே எடுத்துக்கொண்டது.

நிலைத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உங்களிடமே சாட்சி இருக்கிறது. 2016இல் என்எஃப்எல்லின் ராம்ஸ் அணி செயின்ட் லூயிஸை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. ஊர் வழக்குப் போட்டு, 2021இல் 790 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. பணம் வந்தது, அணி வரவில்லை. அந்த ஊரில்தான் 2024 சீசனில் உங்கள் பேட்டில்ஹாக்ஸ் அணியின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு 40,317 பேர் வந்தார்கள். 2020இல் கொரோனாவால் நின்றுபோன அணி, அதே பெயரில், அதே ஊருக்குத் திரும்பி வந்ததால் வந்த கூட்டம் அது. ஒவ்வொரு முறையும் புதுப் பெயர், புதுச் சின்னம் என்று போயிருந்தால் பாதியாவது வந்திருக்குமா?

அப்புறம் ஒர்லாண்டோ. 2023 சீசன் ஆடிய கார்டியன்ஸை, இரண்டு லீக்குகள் யுஎஃப்எல்லாக இணைந்தபோது கழற்றிவிட்டீர்கள். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதே ஊருக்கு ஸ்டார்ம் என்று இன்னொரு அணி. பழைய சட்டையைக் கொண்டுவந்தால் புதுசுக்கு மாற்றித் தருவீர்களா?

முதலாளிகள் பொறுமை இழந்தால் என்ன ஆகும் என்பதும் பழைய கதைதான். எண்பதுகளின் வசந்த கால லீக்கான முதல் யுஎஸ்எஃப்எல் மூன்று வசந்தங்கள் ஆடிவிட்டு, டிரம்ப் போன்ற உரிமையாளர்களின் பேச்சைக் கேட்டு, இலையுதிர் காலத்தில் என்எஃப்எல்லோடு நேருக்கு நேர் மோத முடிவெடுத்தது. 1986இல் என்எஃப்எல் மீது போட்ட வழக்கில் ஜெயித்தும் விட்டது. ஜூரி கொடுத்த நஷ்டஈடு 1 டாலர். சட்டப்படி மும்மடங்காகி 3 டாலர். அதை வைத்து ஒரு பந்துகூட வாங்க முடியாது. அதற்குப் பிறகு அந்த லீக் ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கொலம்பஸ், லூயிவில், ஒர்லாண்டோ மூன்று ஊர்களுக்கும் ஐந்து வருட உறுதியை சீசன் டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே போடுங்கள். ஐந்து முடியாது என்றால் எத்தனை முடியும் என்றாவது சொல்லுங்கள். என்றாவது ஒரு அணியை மூடித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள், ஆட்டம் முடிந்து நாலு மாதம் கழித்து அல்ல. தயவுசெய்து இதை அடுத்த சீசனுக்கு முன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்