வாடகை ரசீது சலுகை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாதந்தவறாமல் வாடகை கொடுத்தும், கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லாதவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். நான்கு ஆண்டுகள் ரொக்கமாகவே செலுத்திவந்த எனக்கு, வீட்டைக் காலி செய்யும் வேளையில், இரண்டு மாத வாடகை பாக்கி இருப்பதாகச் சொல்லி முன்பணத்தில் அத்தொகையை உரிமையாளர் பிடித்துக்கொண்டபோதுதான், நம்பிக்கை வேறு, சான்று வேறு என்பது உறைத்தது.

ரசீது கேட்டால் உறவு கெட்டுவிடும் என்ற கூச்சமே பெரும்பாலும் தடையாகிறது. வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்று தயங்கும் உரிமையாளர்களும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. வீட்டு முகவரி, எந்த மாதத்து வாடகை, தொகை, பெற்ற நாள், இரு தரப்பினரின் பெயர், பெற்றவரின் கையொப்பம் ஆகியவற்றோடு, ரொக்கம் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத்தலையும் (ரெவின்யூ ஸ்டாம்ப்) இருந்தால் சாதாரணத் தாளே ரசீதாகிவிடும். அதையும் தர மறுப்பவரிடம் ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வங்கி வழியாக அனுப்பி, குறிப்புப் பகுதியில் மாதத்தையும் எழுதி, பெற்றதை உறுதிசெய்யுமாறு அன்றே குறுஞ்செய்தியும் அனுப்பிவிடலாம். ஏடிஎம் சீட்டைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் (நானும் நினைத்தேன்) கவனிக்க வேண்டும்: அது பணம் நம் கைக்கு வந்ததைக் காட்டுமே தவிர, அவர் கைக்குப் போனதைக் காட்டாது.

வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே ரசீது தருவது குறித்து ஒரு வரி சேர்த்துவிட்டால், மாதந்தோறும் கூச்சத்தோடு கேட்டு நிற்கும் நிலை வராது. வீட்டுத் தரகர்கள் தாங்கள் வைத்திருக்கும் ஒப்பந்தப் படிவங்களிலேயே அந்த வரியைச் சேர்க்க முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்