பெரியப்பா, பதக்கங்களை அனுப்பப்போவதில்லை

பெரியப்பா,

இன்று நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள். கொடியேற்றம் பார்த்துவிட்டு, திரும்பும்போது போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன்.

1989 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள் காலை. கோட்டு போட்டுக்கொண்டு, பதக்கப் பெட்டியோடு என் அறை வாசலில் நின்றீர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தபோது சைகோனில் அடிபட்ட வலது கை மேலே எழாது. "தம்பி, இதைக் குத்தி விடுப்பா" என்றீர்கள். "உங்க நாட்டுக்காரன் யாரையாவது கூப்பிடுங்க" என்றேன். எனக்குப் பதினேழு வயது. நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, இடது கையால் நீங்களே குத்திக்கொண்டீர்கள். வெகு நேரம் ஆனது. நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்தச் சொல் என் வாயில் சும்மா வரவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அப்புறம், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கக் கிடைத்த ஆறு மாதக் கெடுவில் அப்பா உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். உங்கள் பிள்ளைகள், அண்ணனும் அக்காவும், இதைப் படிப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அப்பா போடவில்லை. அவர்கள் பாரிசில், நாங்கள் இங்கே. அவ்வளவுதான்.

இணைப்பு நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அந்த 1954 அக்டோபரில் நீங்கள் இன்னும் சைகோனில்தான் இருந்தீர்கள். கப்பல் ஏறியபோது இருந்த ஊர் வேறு, வந்து இறங்கிய ஊர் வேறு. இதை நான் யோசிக்கவே இத்தனை வருடம் ஆகிவிட்டது.

பென்சன் பணத்தை ஒண்ணு, ரெண்டு என்று தமிழில்தான் எண்ணுவீர்கள். 1979 ஜனவரியில், புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊரே கொதித்தபோது, அப்பாவும் நீங்களும் ஒன்றாகத் தெருவில் இறங்கினீர்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு யார் எந்த நாட்டுக்காரன்? அதைப் பார்த்தவன்தானே அப்படிப் பேசினேன்.

அப்பா கேட்டபோது மட்டும் ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லியிருக்கலாம் நீங்கள்.

பெரியம்மா பெட்டியை என்னிடம்தான் கொடுத்தார். அண்ணன் பாரிசுக்கு அனுப்பச் சொல்கிறார். கோபித்தாலும் பரவாயில்லை, இது இந்த வீட்டில்தான் இருக்கும். திறந்து பார்த்தேன். ஒரு பதக்கத்தின் ஊசி வளைந்திருக்கிறது. இடது கையால் அழுத்தியது.