சேகண்டி ஒலித்த இரவுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

மாசி முதல் சனிக்கிழமை இரவு, கிருஷ்ணகிரியில் ஒரு பழைய மாங்காய் மண்டியின் தகரக் கொட்டகைக்குள், ஆஸ்திரேலிய ராக் இசைக்குழு ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து பத்தாவது பாட்டு வரை வரிசை மாறாமல் வாசித்து முடித்தோம். மேடையில் நின்றது ஐந்து பேர். அந்த ஐந்து பேரை மேடை ஏற்றிவிட்டவர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருப்பீர்கள். அன்றிரவு எல்லோரையும் கையைப் பிடித்து நன்றி சொல்ல முடியவில்லை. கொட்டகையைக் கூட்டி ஒப்படைக்கவே நள்ளிரவு தாண்டிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

இந்த ஆல்பத்தை ஏன் எடுத்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். அதைச் சொல்லிவிட்டு நன்றிக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் பாடிய அண்ணனைப் போன வருஷம் தை மாதம் சாலை விபத்தில் இழந்தோம். ஓசூரில் இரண்டாவது ஷிப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். இந்த இசையை எங்களுக்குக் காட்டியதே அவர்தான். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் மைதானத்தில் அமெரிக்க ராக் குழு மெட்டாலிகா வாசித்தபோது, எங்களை பஸ் ஏற்றி அழைத்துப்போய், கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும்போது அவருக்குத் தொண்டையே இல்லை. மூன்று நாள் சைகையில்தான் பேசினார்.

அவர் போன பிறகு எட்டு மாதம் யாரும் கருவியைத் தொடவில்லை. என் பேஸ் கிடார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் அவருடைய அம்மா என் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அண்ணன் பாட்டெழுதி வைத்திருந்த நோட்டு. “இதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது கண்ணு? நீங்க நிறுத்திப்புட்டா அவன் ரெண்டாந்தரம் போன மாதிரி ஆயிடும்” என்றார். அன்றைக்கே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அம்மா, முதல் நன்றி உங்களுக்கு.

‘பேக் இன் பிளாக்’ நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1979இல் வந்த ‘ஹைவே டு ஹெல்’ ஆல்பத்தால் அமெரிக்காவில் அப்போதுதான் ஏசி/டிசிக்குப் பெயர் கிடைத்திருந்தது. 1980 பிப்ரவரி 19 அன்று அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். வயது 33. குழுவைக் கலைத்துவிடலாமா என்று அதில் கிடார் வாசித்த சகோதரர்கள் மால்கம் யங்கும் ஆங்கஸ் யங்கும் நினைத்திருக்கிறார்கள். தொடர்ந்து வாசியுங்கள் என்று அவர்களிடம் சொன்னவர்கள் பான் ஸ்காட்டின் பெற்றோர். அண்ணனின் அம்மா அந்தக் குழுவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

சரி, இனி ஒவ்வொருவராக வருகிறேன்.

சேகண்டி அடித்த பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஆல்பம் மணியோசையோடு தொடங்கும். இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில் இருக்கும் ஜான் டெய்லர் வார்ப்பகத்தில் அதற்கென்றே வார்த்த வெண்கல மணி, 2000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ. சுற்றுப்பயணத்தில் அதைக் கூடவே கொண்டுபோய் மேடைக்கு மேலே தொங்கவிட்டு, பான் ஸ்காட்டுக்குப் பிறகு வந்த புதுப் பாடகர் பிரையன் ஜான்சன் சுத்தியலால் அடித்துத்தான் கச்சேரியைத் தொடங்குவார்கள். நாங்கள் முதலில் கோயில் மணிக்கு அலைந்தோம். அப்புறம் எங்கள் டிரம்மர்தான் சொன்னார்: “அது சாவுக்கு அடிக்கிற மணிடா. நம்ம ஊர்ல சாவுக்கு அடிக்கிறது சேகண்டிதானே?” அவ்வளவுதான், வேறு பேச்சே எழவில்லை. நம் பக்கத்தில் சங்கும் சேகண்டியும் கேட்டால் தெருவே கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கும். அந்த ஆல்பத்தின் முதல் நிமிடம் செய்வதும் அதையேதான்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் போய்ச் சேகண்டியை மட்டும்தான் கேட்டோம். யாருக்காக என்று விசாரித்தார். சொன்னோம். “அப்ப நான்தான் அடிக்கணும், நீங்க அடிச்சா அது தட்டு, நான் அடிச்சாத்தான் சேகண்டி” என்று கிளம்பி வந்துவிட்டார். விளக்கையெல்லாம் அணைத்த இருட்டில் அவருடைய மரக்கட்டை அந்த வெண்கலத் தட்டில் விழுந்தது. ஓசை முழுசாக அடங்கிய பிறகுதான் அடுத்த அடி அடித்தார். நாங்கள் பாட்டின் வேகத்துக்குப் பழகியிருந்தோம். அவர் அவருடைய வேகத்திலேயே அடித்தார். கிடார் அவருக்காகக் காத்திருந்து உள்ளே வந்தது. அந்த இடம் பழகிப் பார்த்த எல்லா நாளையும்விட அன்றைக்குத்தான் சரியாக விழுந்தது. கொடுத்த பணத்தில் பஸ் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

சேகண்டியால் ஒரு சிக்கலும் வந்தது. பேசி முன்பணம் கொடுத்திருந்த கல்யாண மண்டபத்தில், நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சாவு வாத்தியம் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மனசு வலித்தது. இன்றைக்கு யோசித்தால், தாலி ஏறும் இடத்தில் அவர்கள் அப்படி நினைப்பதில் தவறில்லை என்றுதான் படுகிறது. அன்று மாலையே ஒரு மண்டிக்காரர் தன் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். மா இப்போதுதான் பூத்துப் பிஞ்சு பிடிக்கிறது, சித்திரை வரைக்கும் மண்டி காலிதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஐயா, பத்து வருஷம் அடுக்கிய காய்களின் வாசனை அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. பெங்களூரு நண்பர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

மண்டியில் சுமை தூக்கும் எட்டுப் பேர் மேடை கட்டினார்கள். காய் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சென்ட்ரிங் பலகை போட்டு, கயிற்றால் இறுக்கிவிட்டார்கள். டிரம்ஸ் வைத்ததும் ஒருவர் மேலே ஏறி நின்று நாலு குதி குதித்துப் பார்த்தார். மேடை அசையவே இல்லை. ஏசி/டிசி ஊர் ஊராகப் போனபோதும் ராத்திரியோடு ராத்திரியாக மேடையைப் பிரித்து, அந்த மணியை இறக்கி, லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் மறுபடி தூக்கிக் கட்டியவர்கள் இருந்தார்கள். கேட்பவர்களுக்கு அவர்கள் பெயர் தெரியாது. எங்கள் எட்டுப் பேரின் பெயரையும் அன்றிரவு மேடையிலேயே வாசித்தோம். பெயர் வாசித்தபோது ஒருவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணே, உங்களுக்குக் கிடைத்த கைத்தட்டல் எங்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரியது.

இப்போது எங்கள் புதுப் பாடகன். பென்னாகரம் பக்கத்துப் பையன், தெருக்கூத்தில் வேஷம் கட்டுபவன். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை, உச்சத்தில், அடித்தொண்டை கிழியக் கிழியப் பாடும் குரல் அது. பிரையன் ஜான்சனின் குரலை முதன்முதலாக அவனுக்குப் போட்டுக் காட்டியபோது, “இவரு எந்த ஜமா அண்ணா?” என்று, எந்தக் கூத்துக் குழு என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிரையனும் அப்படி வந்தவர்தான். நியூகாசில் பக்கத்தில் கார் கூரைக்கு வினைல் உறை போடும் தொழில் செய்துகொண்டிருந்தார். முன்பு ஜோர்டி என்ற குழுவில் பாடியவர். அவருடைய பாட்டைக் கேட்டு, இறந்துபோன பான் ஸ்காட்டே ஒருகாலத்தில் குழுவினரிடம் பாராட்டிச் சொல்லியிருக்கிறார்.

பையனை எங்களிடம் அனுப்பிய கூத்து வாத்தியாருக்கு இங்கே வணங்கி நன்றி சொல்கிறோம். மாசியில் கூத்து நிறைய இருக்கும். அவன் இல்லாமல் மூன்று ராத்திரியைச் சமாளித்திருக்கிறார். தொண்டையைக் காப்பாற்ற மிளகும் பனங்கற்கண்டும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். பையனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பத்துப் பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லையும் வாய் அசைவோடு சொல்லிக் கொடுத்து, இரண்டு மாதம் தினமும் மாலையில் உட்கார்ந்தவர் எங்கள் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்.

சாருக்கு இன்னொரு நன்றியும் இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே, ஏசி/டிசி இந்த ஆல்பத்தோடு போன சுற்றுப்பயணத்தைச் சொன்னவர் அவர்தான். பள்ளியில் பாடம் நடத்திய உலகப் படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, ஊசி குத்தி, சிவப்பு நூல் கட்டினார். முதல் ஊசியை பகாமாஸ் தீவின் நாசோவில் குத்தினார். ஏப்ரல், மே மாதங்களில் ஆல்பம் பதிவானது அங்கேதான். இரண்டாவது ஊசி பெல்ஜியத்தில். 1980 ஜூன் 29, பிரையன் ஜான்சன் முதன்முதலாக அந்தக் குழுவோடு மேடை ஏறிய ஊர் நமூர். சார் அந்தப் பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் “நம்மூரா சார்?” என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது. சார் ஒரு கணம் நிதானித்து, “ஆமாம்மா, பயந்துகொண்டு மேடை ஏறினவரை ஏற்றுக்கொண்ட ஊர். அவருக்கு அன்றைக்கு அதுதான் நம்மூர்” என்றார். நான் திரும்பி எங்கள் பையனைப் பார்த்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

ஆல்பம் கடைக்கு வந்தது ஜூலை கடைசியில். அதற்கு முன்பே பயணம் தொடங்கிவிட்டது. அதாவது முதல் சில கச்சேரிகளுக்கு வந்தவர்கள், புது மனிதர் புதுப் பாட்டைப் பாடுவதைக் கேட்டிருக்கிறார்கள். பழகிய முகமும் இல்லை, பழகிய பாட்டும் இல்லை. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. சாரின் நூல் ஜூலை 13இல் கனடாவின் எட்மன்டனுக்குப் போனது. அங்கிருந்து அமெரிக்கா, பிறகு பிரிட்டன், ஐரோப்பா. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் நான்காமிடம். 1981 பிப்ரவரியில் ஜப்பான், அதே மாதம் ஆஸ்திரேலியாவின் பெர்த். பான் ஸ்காட் வளர்ந்த ஃப்ரீமேன்டில் அதன் பக்கத்தில்தான். அஸ்தி இருப்பதும் அங்கேதான். இறந்து ஒரு வருஷம் நிறையப்போகிற நேரத்தில், துக்கத்துக்காகக் கறுப்பு அட்டை போட்ட ஆல்பத்தோடு அவருடைய ஊருக்கே போய் நின்றிருக்கிறார்கள். அந்த ஊசியைச் சார் தானே குத்தவில்லை. இறங்கி வந்து அண்ணனின் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா எழுந்து போய், சார் காட்டிய இடத்தில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கும். டிரம்மர் நிறுத்தவில்லை, பகலெல்லாம் கிரானைட் பட்டறையில் நின்று உழைக்கிற கை அது. நீங்களும் கைத்தட்டலை நிறுத்தவில்லை. சவுண்ட் சர்வீஸ் தம்பி இருட்டிலேயே ஓடி ஜெனரேட்டரைப் போட்டு, பாட்டு முடிவதற்குள் உயிர் கொடுத்துவிட்டார். அவர் வழக்கமாக மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுபவர். கிடார் ஆம்பிளிஃபையரைப் பார்த்ததே அன்றைக்குத்தான். ஆனாலும் தகரக் கூரையில் எதிரொலி இடிக்காமல் இருக்க, காலி சாக்குகளைத் தொங்கவிடலாம் என்று யோசனை சொன்னது அவர்தான். அப்படித் தொங்கவிட்ட பிறகுதான் சொல் சொல்லாகக் கேட்டது.

இரண்டாவது கிடாரும் ஆம்பிளிஃபையரும் கொண்டுவந்த பெங்களூரு நண்பர், கடைசி நேரத்தில் அறுந்த ஜாக்கைப் பற்றவைத்துக் கொடுத்த டிவி மெக்கானிக், எண்பது பேருக்குக் களி கிண்டி, கீரை கடைந்து, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்துக் கொடுத்த தெருப் பெண்கள், அனுமதி கொடுத்து ஓரமாக நின்று கடைசி வரை கேட்ட காவலர்கள், எல்லோருக்கும் நன்றி. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தும், ஒரு ராத்திரி தானே என்று பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டார்களே, சொன்னபடி ஒன்பதரைக்கு முடித்துவிட்டோம். உங்கள் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கட்டும்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் அம்மா மேடைக்கு வந்து, பையனின் வேர்த்த நெற்றியில் திருநீறு பூசினார். அண்ணன் போடும் கறுப்புச் சட்டையை மடித்துக் கொண்டுவந்திருந்தார், அதை அவன் தோளில் போட்டார். அவன் அதை இன்னும் துவைக்கவில்லையாம்.

செலவு போக உண்டியலில் மிஞ்சிய பணத்தை அம்மாவிடம் கொடுத்தோம். அண்ணன் படித்த பள்ளிக்கு ஒரு ஆர்மோனியம் வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். வாங்கியாயிற்று, வருகிற திங்கட்கிழமை ஒப்படைக்கிறோம். காலையில் பத்து மணிக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள்.

கொட்டகையில் இரண்டு ஹெல்மெட், ஒரு குழந்தையின் கொலுசு, ஒரு எவர்சில்வர் தூக்கு விட்டுப்போயிருக்கின்றன. என் கடையில் பத்திரமாக இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
குழுவினர் சார்பாக, பேஸ் கிடார் வாசித்தவன்
கிருஷ்ணகிரி