செயலாளரின் ஆண்டறிக்கை: இட்டேரியில் ஓர் இளவேனில்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

போன ஆனி முதல் இந்த வைகாசி முடிய நம் பறவை ஆர்வலர் சங்கம் செய்த வேலைகளை இங்கே படிக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை நீளமாகப் போய்விட்டது, டீ ஆறிவிட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதனால் இந்த முறை டீயை முன்னாலேயே கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடை தடையில்லாமல் நடந்தது. ஆவணியில் மட்டும் அந்த ஞாயிறு முகூர்த்த நாளாகப் போனதால், வந்தது நானும் தலைவரும்தான். தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நாமும் கலந்துகொண்டோம்; பட்டியல்களை அன்றன்றே இபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினோம். மார்கழியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கும் தை மாதம் நஞ்சராயன் குளத்துக்கும் போய் வந்தோம். வெள்ளோடு 2022-லும், நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டிலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். ஊத்துக்குளிச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பலருக்கு அது இன்னும் தெரியவில்லை. நஞ்சராயன் குளத்தில் தட்டைவாயன் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, "இங்க மீன் ஏலம் எப்பங்க?" என்று கேட்டார்.

குளங்களைப் பற்றி இவ்வளவு போதும். இந்த ஆண்டு சொல்ல வேண்டிய சங்கதி குளத்தில் நடக்கவில்லை.

மாசி பிறந்ததும் வழக்கம்போல 'அடுத்து எந்த ஏரி?' என்ற பேச்சு வந்தது. செயற்குழுவில் நான் ஒரு யோசனை சொன்னேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஏரிப் பக்கமே போகாமல் ஒரே இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் ஒரே வண்டித்தடத்தில், திரும்பத் திரும்ப நடப்போம் என்றேன். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "இட்டேரியில என்னங்க இருக்கு, தவிட்டுக்குருவியும் கவுதாரியும்தானே" என்றார் ஒருவர். உண்மைதான். நானும் அவற்றைப் பார்க்கத்தான் போகச் சொன்னேன். வலசை வந்தவை எல்லாம் கிளம்பும் காலம் அது. மஞ்சள் வாலாட்டியும் தகைவிலானும் பங்குனியிலேயே குறைந்துவிட்டன. சோளக்காட்டுக்கு மேலே புகைபோலச் சுழலும் சூறைக்குருவிக் கூட்டத்தைச் சித்திரை முதல் வாரத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. அவை மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும். ஆனால் நம்மூர்ப் பறவைகளுக்குப் பிரசவ காலமே இப்போதுதான் தொடங்குகிறது.

நாங்கள் எடுத்துக்கொண்ட இட்டேரி சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிறது. இதற்கு மேல் இடம் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஊடே கள்ளியும் கோவைக்கொடியும் பிரண்டையும். நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குத் தடம். வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும். நம் தாத்தன் பூட்டன் ஆடுமாடு மேய்க்க வைத்த வேலி இது. அதை முழுக்கப் பறவைகளே குடக்கூலி இல்லாமல் அனுபவிக்கின்றன.

முதல் நாளே கிளுவை முள்ளுக்குள் தவிட்டுக்குருவிக் கூடு ஒன்று கண்ணில் பட்டது. இடுப்பளவு உயரத்தில் வேரும் புல்லும் வைத்துக் கட்டிய கிண்ணம். உள்ளே பளிச்சென்ற நீல முட்டைகள். அவற்றில் ஒன்று மட்டும் சற்றுப் பெருத்திருந்ததாக எங்கள் கூட்டத்தில் இளையவளான கல்லூரி மாணவி சொன்னாள், நாங்கள் நம்பவில்லை. மூன்றாவது வாரம் போனபோது நான்கைந்து தவிட்டுக்குருவிகள் ஒரு குஞ்சைச் சுற்றி நின்று ஊட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குஞ்சுக்கு வால் நீளம், இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு. சுடலைக்குயில்! தவிட்டுக்குருவி முட்டை நிறத்திலேயே முட்டையிட்டு அதன் கூட்டில் சேர்த்துவிட்டுப் போகிற பறவை அது. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை எல்லோரும் பேசுகிறோம், இதை யாரும் பேசுவதில்லை. அந்த மாணவி அம்மிணியிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அறிக்கையிலும் பதிவாகட்டும் என்று இங்கே எழுதியிருக்கிறேன்.

இட்டேரி முடியும் இடத்தில் ஆளுயர மண்மேடு ஒன்று உண்டு. அதில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் பொந்து தோண்டியிருந்தன. நான் நேர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வாயில் தும்பியோடு ஒரு பறவை கம்பியில் வந்து உட்கார்ந்தது. தும்பியை இரண்டு முறை கம்பியில் அடித்தது. அப்புறம் அசையவே இல்லை. என் கைக்கடிகாரத்தில் இருபது நிமிடம். நான் எழுந்து மேட்டின் பக்கவாட்டுக்குப் போனேன். அங்கிருந்து பொந்து எனக்குத் தெரியாது. நான் நின்ற தூரம் என்னவோ அதேதான். உடனே அது பறந்து உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது, மிலிந்த் வாட்வே என்ற உயிரியலாளரின் குழுவினர் இதையே ஆராய்ந்து 2002-இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். எதிரில் இருப்பவருக்குப் பொந்து தெரிகிறதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் இந்தப் பறவை கூட்டுக்குள் போகிறது. அப்படியானால் அந்த இருபது நிமிடமும் உள்ளே இருந்த குஞ்சுகளுக்குச் சோறு இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

வாய்க்கால் கரைகளிலும் இவற்றின் பொந்துகளைப் பார்த்திருப்பீர்கள். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற சண்டைக்குள் சங்கம் போக வேண்டாம் என்று போன ஆண்டே தீர்மானித்திருக்கிறோம், அதை நான் மீறவில்லை. கான்கிரீட்டில் பஞ்சுருட்டான் பொந்து தோண்ட முடியாது என்பதை மட்டும் பறவைக் குறிப்பாகப் பதிவு செய்கிறேன்.

இனி ஆள்காட்டிக் குருவியின் கதை. உறுப்பினர்கள் சிலர் இதை ஏற்கெனவே வேறு மாதிரிக் கேள்விப்பட்டிருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. மறுநாளே கோடை உழவுக்கு டிராக்டர்கள் இறங்கின. இட்டேரியை ஒட்டிய தோட்டத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, "சார், ஆக்காட்டி ஒண்ணு வண்டி முன்னால நின்னு கத்துதுங்க, நகரவே மாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தோம். செம்மூக்கு ஆள்காட்டி. வெறும் தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் வெங்கச்சாங்கல் எனும் வெள்ளைக் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். உள்ளே மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள், கூர்முனை நான்கும் நடுவைப் பார்த்தபடி. கண்ணெதிரே இருந்தும் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. தோட்டத்துக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கலப்பையைத் தூக்கி, கட்டில் அகலத்துக்கு இடம் விட்டு ஓட்டிவிட்டுப் போனார்.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். மறுநாள் வேறு யாராவது ஓட்ட வந்தால் தெரியட்டும் என்று, நாலடி உயரக் கம்பு வெட்டி, அதில் சிவப்புத் துணி கட்டி, முட்டைக்கு இரண்டு முழம் தள்ளி நட்டேன். படமெடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். பதினைந்து பேர் கைதட்டினீர்கள். அடுத்த நாள் காலை ஆறரைக்கு நான் போனபோது கம்பின் மேல் ஒரு அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. குழியில் ஓடுகூட இல்லை. கொஞ்ச தூரத்தில் ஆள்காட்டி இரண்டும் சத்தமே போடாமல் நின்றுகொண்டிருந்தன. இவ்வளவு நேரம் அவை கத்தாமல் நான் பார்த்ததே இல்லை.

தோட்டத்துக்காரர் வந்தார். "ஏனுங்க சார், சும்மா விட்டிருந்தா அது பாட்டுக்குப் படுத்திருக்கும். நீங்க கம்பு நட்டு, காக்காய்க்கு மேடை போட்டுக் குடுத்துட்டீங்க" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சித்திரைக் கடைசியில் அடுத்த வயலில் ஒரு இணை முட்டையிட்டது. கால் வளையம் எதுவும் கிடையாது, அதனால் அதே இணைதானா என்று சொல்ல முடியாது. இந்த முறை அடையாளம் வைத்தது தோட்டத்துக்காரர். பத்தடி தள்ளி ஒரு மண்கட்டி, அவ்வளவுதான். நாங்கள் இட்டேரியிலிருந்து பைனாகுலரில் மட்டும் பார்த்தோம். ஒரு நாள் உச்சி வெயிலில் இணையில் ஒன்று கிணற்றடித் தொட்டிக்கு நடந்து போய், வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்ததை மூன்று பேர் பார்த்தோம். முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்கிற ஏற்பாடு. அடைகாத்து நான்கு வாரம் ஆனபோது தோட்டத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. "சார், முட்டையக் காணோம்னு பயந்து போயிட்டனுங்க. குனிஞ்சு பாத்தா வெங்கச்சாங்கல்லு நகர்ற மாதிரி நகருதுங்க, குஞ்சு!" மூன்று குஞ்சுகள். ஒரு முட்டை பொரிக்கவில்லை.

பனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இட்டேரியில் இருக்கும் ஒரே மொட்டைப் பனையின் பொந்துக்குப் பங்குனி முழுக்க வழக்கு நடந்தது. வாதி பனங்காடை, பிரதிவாதி பச்சைக்கிளி. ஆண் பனங்காடை வானத்தில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே கரகரத்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, லென்ஸ்காரர்களும் இட்டேரியைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் வென்றது கிளி. பனங்காடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உயிருள்ள பனைகளில் காய்ந்த ஓலையின் அடிப்பக்கம் பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு செய்து, முட்டையையும் அதிலேயே ஒட்டி வைக்கிறது. பனையைச் சுத்தம் செய்கிறேன் என்று காய்ந்த ஓலையை வெட்டுகிற உறுப்பினர்கள் இருவர் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. ஆவணிக்கு மேல் வெட்டிக்கொள்ளுங்கள்.

பழைய பாறைக்குழி ஒன்றில் கொம்பன் ஆந்தைக் குஞ்சுகள் இரண்டைப் பார்த்தோம். மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிக்கிறவர்கள் இன்னும் இருப்பதால் இதற்கு மேல் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. இட்டேரியின் பெயரைச் சொல்லாததற்கும் காரணம் இதுதான்.

மார்ச் 20 சிட்டுக்குருவி நாளுக்கு நாம் கொடுத்த மரப்பெட்டிகள் பெரும்பாலும் காலியாகவே தொங்குகின்றன. பாதியை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டும் முறையைச் சொல்லித் தராதது நம் தவறு. அதே வீதியில் மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சிட்டுகள் சௌகரியமாகக் குடும்பம் நடத்துகின்றன. மயில் பற்றிய விவாதம் பங்குனிக் கூட்டத்தில் எல்லை மீறிப் போய்விட்டது. தக்காளி போட்டவருக்கு மயில் மேல் வரும் கோபம் நியாயமானதே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலுக்குத் தரும் பாதுகாப்பும் உண்மையே. விவாதம் செய்த இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

வைகாசி நடுவில் இட்டேரியின் ஒரு பக்க வேலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்க ஆரம்பித்தார்கள். தார்ச் சாலை வரப் போகிறது. பள்ளிக்கூட வேனும் பால் வண்டியும் உள்ளே வர வேண்டும் என்று அங்கே குடியிருப்பவர்கள் கேட்பதை நாம் எப்படித் தடுப்பது? மழைக் காலத்தில் அந்தச் சேற்றில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் அவர்கள்தான். தலைவரும் நானும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு முறை போனோம். முதல் முறை மனுவை வாங்கவில்லை. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. அதைவிட ஊர்க்காரர்களிடம் பேசியது பலன் தந்தது. கிழக்குப் பக்க வேலியில் ஆடி முடியும் வரை கை வைப்பதில்லை என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலை வரை வேலி நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் எத்தனை கூடு போயிற்று என்று கணக்கெடுக்க வழியில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். சங்கத்தின் இரண்டாவது பைனாகுலரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கடைசியாக எடுத்துப் போனவர் ஈரத்தோடு பையில் வைத்துவிட்டார், அவர் நான் இல்லை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று விஷயங்களை வைக்கிறேன். கூடு இருக்கும் இடத்தைக் குழுவில் போடுவது இனி கிடையாது, படத்தைக் குஞ்சு பறந்த பிறகு போடலாம். செல்போனில் குரலை ஓடவிட்டுப் பறவையைக் கூப்பிடக் கூடாது. பறவை இரையோடு வெளியே காத்து நின்றால், நாம் நிற்கும் இடம் தப்பு என்று எடுத்துக்கொண்டு நகர வேண்டும். கூட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது என்று எண் போடச் சொன்னார்கள். பஞ்சுருட்டானைப் பார்த்த பிறகு எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை.

அடுத்த நடை ஆடி இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு மணி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கிணற்றோரத் தென்னையில் தூக்கணாங்குருவிகள் காற்று மறைவாகக் கிழக்குப் பக்க மட்டைகளில் நார் கோக்க ஆரம்பித்திருக்கின்றன. ஆண்கள் பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெட்டையின் சம்மதத்துக்குக் காத்திருக்கும் நேரம். தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள், தோட்டத்துக்காரர் மோர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பு மட்டும் யாரும் கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

செயலாளர்