பிரமிளா ஜெயபால் அவர்களுக்கு ஒரு வாக்காளரின் கடிதம்

மதிப்பிற்குரிய பிரமிளா ஜெயபால் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க காங்கிரஸின் பிரதிநிதிகள் அவையில் நீங்கள் உறுப்பினராக இருக்கும் வாஷிங்டன் மாநில ஏழாவது தொகுதியில், சியாட்டில் நகரில் குடியிருக்கும் வாக்காளன் நான். உங்கள் வீட்டு மொழி மலையாளம் என்றாலும், நீங்கள் பிறந்தது சென்னையில் என்பதால் அந்த ஊரின் மொழியிலேயே எழுதுகிறேன்.

நெடுநாளாக மனத்தில் கிடக்கும் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 6 அன்று, பதவியேற்று மூன்றே நாளில், அதிபர் தேர்தலில் ஜார்ஜியா மாநிலம் அளித்த தேர்வாளர் வாக்குகளுக்கு ஆட்சேபம் சொல்லி அவையில் எழுந்தீர்கள். அன்றைய விதிப்படி, செனட் உறுப்பினர் ஒருவரின் கையொப்பமும் சேர்ந்தால்தான் அது செல்லும். அந்தக் கையொப்பம் உங்களிடம் இல்லை. தலைமை வகித்த அன்றைய துணை அதிபர் ஜோ பைடன், எல்லாம் முடிந்துவிட்டது என்று கூறி உங்களை அமரச் செய்தார். டிரம்ப்பின் வெற்றி எனக்கும் கசந்ததுதான். ஆனாலும் எண்ணி முடித்த வாக்குகளில் கை வைக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில், டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து தாக்கியபோது நாடே கண்டது. உங்கள் ஆட்சேபத்தை அன்றும் என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

அதே மாதம் 28-ஆம் தேதி நீங்கள் செய்ததுதான் என்னை உங்கள் பக்கம் திருப்பியது. ஈரான், இராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டவரும் அமெரிக்காவுக்குள் நுழைய 90 நாள் தடை விதிக்கும் ஆணையில் அதற்கு முந்தைய நாள்தான் அதிபர் கையெழுத்திட்டிருந்தார். நீங்கள் சியாட்டில்-டகோமா விமான நிலையத்துக்கே போய் நின்றீர்கள். அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த இருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அன்று இரவே நீதிபதி தாமஸ் சில்லி இடைக்காலத் தடை வழங்கினார். ஆணையின் முக்கியப் பிரிவுகளை நாடெங்கும் நிறுத்திவைத்த நீதிபதி ஜேம்ஸ் ராபார்ட்டின் உத்தரவு வந்தது ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 3 அன்று.

2018 ஜூன் 9-ஐ என்னால் மறக்க இயலாது. எல்லையில் பிடிபட்டு, சீடாக் நகரின் கூட்டாட்சிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த 174 பெண்களை அன்று நீங்கள் சந்தித்தீர்கள். அவர்களில் பலர் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட தாய்மார்கள். பக்கத்து அறையிலிருந்து பிள்ளைகள் அழுவது கேட்டும் போய்ப் பார்க்க விடவில்லை என்றும், விடைபெறக்கூட வாய்ப்புத் தரவில்லை என்றும் அவர்கள் சொன்னதை வெளியே வந்து நீங்கள் எடுத்துரைத்தீர்கள். பதினொரு நாளில், பிள்ளைகளைப் பிரிக்கும் நடைமுறையைக் கைவிடும் ஆணையில் அதிபரே கையெழுத்திட வேண்டியதாயிற்று. நாடெங்கும் எழுந்த கொதிப்பே அதற்குக் காரணம் என்றாலும், உள்ளே போய்க் கேட்டு வந்தவர்களின் சொல்லும் அந்தக் கொதிப்பில் இருந்தது. அந்தப் பெண்களில் ஒருவருக்கும் உங்களுக்கு வாக்களிக்கும் உரிமை கிடையாது. அந்தச் சிறை உங்கள் தொகுதியிலும் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், உங்கள் அலுவலகத்தின் ஒரு படிவம். குடிவரவு விண்ணப்பமோ முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரோ எங்கோ சிக்கிக்கொண்டால், நம் சார்பில் அரசுத் துறையிடம் விசாரிக்க உறுப்பினருக்கு எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும். 1974-ஆம் ஆண்டின் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் அப்படிக் கேட்கிறது. அம்மாவின் விண்ணப்பத்துக்காக அதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினோம். பெயர், பிறந்த தேதி, கோப்பு எண். கீழே கையெழுத்துப் போடும்போது அம்மாவின் கை நடுங்கியது. பல மாதங்களாக வாய் திறக்காத ஓர் அலுவலகம் அதன் பிறகு பதில் எழுதியது. எங்கள் கோப்பு எண்ணைக் கேட்டு எழுதுவதும் சிறைக்குள் போய் அந்தத் தாய்மார்களிடம் கேட்டதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். குடிவரவுத் தடுப்பு மையங்களைப் பார்வையிட வரும் காங்கிரஸ் உறுப்பினரிடம் முன்னறிவிப்பு கேட்கக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தும், 2025-இல் நிர்வாகம் அதற்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். டகோமாவில் தனியார் நிறுவனம் நடத்தும் தடுப்பு மையமும் உங்கள் தொகுதிக்கு வெளியேதான் இருக்கிறது. தயவுசெய்து அங்கே தொடர்ந்து செல்லுங்கள். கதவைத் திறக்க மறுத்தால், மறுத்த தேதியையும் நேரத்தையும் எங்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஏழாவது தொகுதி வாக்காளன்