அங்க மழையாடி?

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
கார்த்திகை 10

அன்புள்ள செல்வி,

நலம். முழங்கால் வலி தேவலையா? இவருக்கு இருமல் இன்னும் விடவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு வாரமாக நான் ஏன் போன் எடுக்கவில்லை என்று உனக்கே தெரியும். நீ வழக்கம்போல "அங்க மழையாடி?" என்றுதான் ஆரம்பித்தாய். "நாற்பது வருஷமா இதே கேள்வி, நீ என்ன வானிலை ஆபீஸா?" என்று எரிந்து விழுந்தேன். அதோடு விட்டேனா, பட்டுப்புடவை வரைக்கும் இழுத்தேன்.

பழியை மூட்டத்தின்மேல் போடலாமா என்று பார்த்தேன். இந்த மாதத்தில் இங்கே எப்படியிருக்கும், பார்த்திருக்கிறாயே. மத்தியானம் இரண்டு மணிக்கே மூஞ்சிக்கல்லில் வண்டிகள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்கின்றன. இந்த மூட்டத்தில் வரும் எரிச்சலுக்கு மருமகன் ஒரு பெயர்கூட வைத்திருந்தார்: குளிர்கால மனச்சோர்வு. 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவர் எழுதியதாம். ஆனால் அது வடக்கத்தி நாடுகளின் சங்கதி. நார்வேயில் ட்ரோம்சோ என்ற ஊரில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியனே உதிக்காது. நமக்கு ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அந்தச் சாக்கு செல்லாது.

அப்புறம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் குறித்தேன்: மேகமா வெயிலா, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன சாப்பாடு, யாரைக் கடித்தேன். (கடைசிக் கட்டம்தான் சீக்கிரம் நிரம்பியது. சிரிக்காதே.) ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மேகம் பாவம், நிரபராதி. கொட்டுகிற மழையில் பாடிக்கொண்டே பூண்டு உரித்திருக்கிறேன். பளீரென்ற வெயிலில் பால்காரரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். சண்டை போட்ட நாளெல்லாம் முந்தின ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம்தான். இவர் இருமலுக்கு எழுந்து, அப்படியே போனை நோண்டிக்கொண்டு கிடந்த ராத்திரிகள். உன்னிடம் கத்திய அன்றும் அதே கதை, போதாக்குறைக்கு வெறும் வயிறு.

இதற்கிடையில் உன் கேள்வியின் மகிமையும் தெரிந்தது. ஷ்வார்ஸ், க்ளோர் என்று இரண்டு பேர், 1983இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் வெயில் நாளிலும் மழை நாளிலும் ஆட்களைப் போனில் கூப்பிட்டு, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மழை நாளில் திருப்தி குறைவு. ஆனால் பேச்சுவாக்கில் "அங்கே வானிலை எப்படி?" என்று முதலில் கேட்டுவிட்டால் அந்தக் குறை மறைந்துவிட்டது. அலுப்பு மழையால்தான் என்று பட்டதும், அதை வாழ்க்கையின் கணக்கில் எழுதவில்லை. பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி வரவில்லை என்கிறார் மருமகன். அவருக்கு எதிலும் ஒரு முட்டுக்கட்டை. ஹாஸ்டலில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால் நீ முதலில் கேட்பது "சாப்பிட்டியாடி?" அல்லவா. எனக்கு அது போதும்.

ஆனால் செல்வி, புடவை விஷயத்தைத் தூக்கத்தின் தலையில் கட்ட மாட்டேன். தூக்கமில்லாததால் வாய் திறந்தது. வந்தது உள்ளே கிடந்ததுதான். உன் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க என்னைக் கூப்பிடாமல் சம்பந்தியோடு காஞ்சிபுரம் போனாயே, அது வலித்தது. நேரில் திட்டிக்கொள்வோம்.

பூம்பாறைப் பூண்டு இரண்டு கிலோ மதுரை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் போடு. பத்து மணிக்கு மேல், நான் டிபன் சாப்பிட்ட பிறகு.

உன்,
வசந்தா